நிற்காத பந்தும் அருகம்புல்லும்

1999 ஜூன் மாதம். அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் பைன்ஹர்ஸ்ட் என்ற ஊரில் யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள். ஜான் டேலி என்ற ஆட்டக்காரர் எட்டாவது குழி இருக்கும் மேட்டுக்குக் கீழே நின்று பந்தை மேல்நோக்கித் தட்டுகிறார். பந்து சரிவில் ஏறுகிறது. வேகம் குறைந்து, உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு கணம் தயங்கி, வந்த வழியே திரும்பி உருண்டு அவரிடமே வந்து சேர்கிறது. மறுபடி தட்டுகிறார்; மறுபடியும் திரும்புகிறது. பொறுமை இழந்த டேலி, திரும்பி வந்துகொண்டிருந்த பந்தை அது நிற்பதற்கு முன்பே அடித்துவிட்டார். ஓடும் பந்தை அடிப்பது விதிமீறல் என்பதால் இரண்டு ஸ்ட்ரோக் அபராதம், அதாவது பந்தை இரண்டு முறை கூடுதலாக அடித்ததாகக் கணக்கு. அந்த ஒரு குழியை முடிக்க அவருக்கு 11 ஸ்ட்ரோக் ஆனது.

நம் ஊர்ப் பள்ளி மைதானத்தின் ஓரச் சரிவிலும் புல் இருக்கிறது. அதில் உருட்டிவிட்ட கிரிக்கெட் பந்து பாதியில் நின்றுவிடும், கீழே வராது. பைன்ஹர்ஸ்டில் மட்டும் ஏன் நிற்கவில்லை? சரிவு செங்குத்தானது என்று சொல்லிவிடலாம். ஆனால் அளந்து பார்த்தால் நம் மைதானத்துச் சரிவு அதைவிடக் கூடுதலாகவே இருக்கக்கூடும். பதில் சரிவில் மட்டும் இல்லை. புல்லில் இருக்கிறது, புல்லுக்கு அடியில் இருக்கும் மணலில் இருக்கிறது, அந்த மணலில் எவ்வளவு தண்ணீர் தங்குகிறது என்பதில் இருக்கிறது.

பைன்ஹர்ஸ்ட் ஒரு விடுதி நகரம். பாஸ்டனில் சோடா ஃபவுண்டன் இயந்திரங்கள் செய்து பொருள் சேர்த்த ஜேம்ஸ் வாக்கர் டஃப்ட்ஸ், 1895இல் இங்கே 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கினார். அப்போது அது மொட்டைக் காடு. நெட்டிலைப் பைன் மரங்களைத் தாருக்கும் டர்பன்டைனுக்கும் பலகைக்குமாக வெட்டித் தீர்த்த பிறகு எஞ்சிய மணல்மேடுகள். வடக்கின் குளிரில் வாடும் நோயாளிகள் வந்து தேறிச் செல்லும் இடமாக்குவதே அவர் எண்ணம். காசநோய் தொற்றக்கூடியது என்று தெளிவானதும், நலமாக இருப்பவர்கள் பொழுதுபோக்க வரும் ஊராக அதை மாற்றினார். ஸ்காட்லாந்தின் டார்னக் ஊரிலிருந்து வந்த டொனால்ட் ராஸ் 1900இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். 1948இல் இறக்கும்வரை அந்த ஊரின் கோல்ஃப் திடல்களைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். இன்று அங்கே 18 குழிகள் கொண்ட திடல்கள் பத்து இருக்கின்றன. பெரிய போட்டிகள் நடப்பது 1907இல் திறக்கப்பட்ட இரண்டாம் எண் திடலில். 1936இல் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப், 1951இல் ரைடர் கோப்பை, பிறகு 1999, 2005, 2014, 2024 ஆகிய ஆண்டுகளில் யு.எஸ். ஓப்பன்.

குழி வெட்டியிருக்கும், புல்லை ஒட்ட வெட்டிய பரப்பை கோல்ஃபில் கிரீன் என்பார்கள். ராஸ் அமைத்த கிரீன்கள் நடுவில் உயர்ந்து நாலாபுறமும் ஓரங்களை நோக்கி வழிந்து இறங்குகின்றன. விளிம்பருகே விழும் பந்து உள்ளே வராமல் வெளியே போய்விடும்.

உருளும் பந்து எப்படி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். கோல்ஃப் பந்தின் எடை 46 கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. அது உருளும்போது தனக்கு முன்னால் இருக்கும் புல் தாள்களை அழுத்தி வளைக்கிறது. அதற்கு ஆற்றல் செலவாகிறது. பந்து கடந்த பிறகு பின்னால் இருக்கும் தாள்கள் நிமிர்கின்றன. அவை உடனே, முழு விசையோடு நிமிர்ந்தால் செலவான ஆற்றலைப் பந்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் புல் மெதுவாகவே நிமிர்கிறது, கொடுப்பதும் குறைவு. முன்னால் கொடுத்ததற்கும் பின்னால் பெற்றதற்கும் உள்ள வித்தியாசம்தான் பந்தின் வேகத்தைத் தின்கிறது. இதை உருள்தடை எனலாம். இது வழுக்கலை எதிர்க்கும் உராய்விலிருந்து வேறானது. உராய்வு எவ்வளவு இருந்தாலும், பந்து கடினமான கண்ணாடிப் பரப்பில் நெடுந்தூரம் உருளும், ஏனென்றால் அங்கே வளைந்து ஆற்றலை விழுங்க எதுவும் இல்லை.

ஆகவே தாள் நீளமாகவும் ஈரமாகவும் இருந்தால் உருள்தடை அதிகம். குட்டையாகவும் நெருக்கமாகவும் உலர்ந்தும் இருந்தால் குறைவு. இது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் எவ்வளவு குறைவு? அதை அளக்க வழி கண்டவர் எட்வர்ட் ஸ்டிம்சன். 1935 யு.எஸ். ஓப்பன் பென்சில்வேனியாவின் ஓக்மான்ட்டில் நடந்தபோது, ஆட்டக்காரர் ஜீன் சரசன் மெதுவாகத் தட்டிய பந்து கிரீனைக் கடந்து மணல்குழிக்குள் போய் விழுந்ததை அவர் பார்த்தார். இந்த கிரீன் நியாயத்துக்கு மீறி வேகமானது என்று அவருக்குத் தோன்றியது. தோன்றினால் போதாது, காட்ட வேண்டும். அதற்காக அவர் செய்தது, நடுவில் பள்ளம் ஓடும் ஒரு மரச்சட்டம். இப்போது இருப்பது அலுமினியச் சட்டம். 1976இல் அமெரிக்க கோல்ஃப் சங்கத்தைச் சேர்ந்த ஃபிராங்க் தாமஸ் திருத்தி அமைத்தது. மூன்று அடி நீளம், மேல்முனையருகே ஒரு சிறு வெட்டு. வெட்டில் பந்தை வைத்துச் சட்டத்தின் ஒரு முனையை மெல்ல உயர்த்துகிறார்கள். சுமார் 20 பாகைச் சாய்வை எட்டியதும் பந்து தானாகவே விடுபட்டுப் பள்ளத்தில் இறங்குகிறது. யார் தூக்கினாலும், எந்த ஊரில் தூக்கினாலும், கீழே வந்து புல்லைத் தொடும்போது அதன் வேகம் ஒன்றே: நொடிக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர். பிறகு அது எத்தனை அடி ஓடி நிற்கிறது என்று அளப்பதோடு வேலை முடிகிறது. ஒரு திசையில் மூன்று பந்து, எதிர்த்திசையில் மூன்று பந்து உருட்டிச் சராசரி எடுப்பார்கள். தரையில் சிறு சாய்வு இருந்தால் அது கணக்கில் பெரும்பாலும் அடிபட்டுவிடும்.

இந்த எளிய சட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன். மின்சாரம் இல்லை, நகரும் உறுப்பு இல்லை. பந்தின் தொடக்க வேகத்தை மனிதக் கையிலிருந்து பிடுங்கி ஈர்ப்பு விசையிடம் ஒப்படைத்ததுதான் அதன் சாதனை. நல்ல அளவீடு என்பதன் இலக்கணமே அதில் இருக்கிறது.

1970களின் பிற்பகுதியில் இந்தச் சட்டத்தைக் கொண்டு அமெரிக்காவின் பல மாநிலங்களில் அளந்தபோது கிரீன்களின் சராசரி எண் ஏறத்தாழ ஆறரை அடி. இன்று யு.எஸ். ஓப்பன் நடக்கும் வாரத்தில் அந்த எண் 13 அடியை நெருங்குகிறது. எண் இரட்டித்தது என்றால் உருள்தடை பாதியாகிவிட்டது என்று பொருள்.

இங்கேதான் சரிவு உள்ளே வருகிறது. சரிவில் இருக்கும் பந்தை ஈர்ப்பு விசை கீழே இழுக்கிறது, உருள்தடை பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. இரண்டில் எது பெரியது என்பதே கேள்வி. ஆறரை அடி எண் கொண்ட பழைய கிரீனில் கணக்குப் போட்டால், 100 அடி தூரத்துக்குச் சுமார் 12 அடி இறங்கும் சரிவுவரை உருளும் பந்து நிற்க முடியும். எண் 13 ஆகும்போது அந்த வரம்பு 6 அடியாகக் குறைந்துவிடுகிறது. அதைத் தாண்டிய சரிவில் ஒருமுறை அசைந்த பந்து, சரிவு தணியும் இடம்வரை ஓடிக்கொண்டே இருக்கும். டேலியின் பந்து உச்சியில் தயங்கியபோது நடந்தது இதுதான். அங்கே நிற்பதற்கு வேண்டிய தடை புல்லிடம் இல்லை.

வரம்புக்கு உட்பட்ட சரிவிலும் விளைவு வியப்பானது. 100 அடிக்கு 3 அடி மட்டுமே இறங்கும் மிதமான சரிவை எடுத்துக்கொள்வோம். சமதளத்தில் 4 மீட்டர் ஓடும் வேகத்தில் பந்தைத் தட்டுகிறோம். பழைய கிரீனில் சரிவின் கீழ்நோக்கித் தட்டினால் ஐந்தேகால் மீட்டர்போல் ஓடும். வேகமான கிரீனில் 8 மீட்டர் ஓடும். புல்லின் தடை குறையும்போது சரிவின் பங்கு பெருகுகிறது. பக்கவாட்டுச் சரிவிலும் இதே விதிதான். வேகமான கிரீனில் மெதுவாகத் தட்டினால் போதும். மெதுவாகத் தட்டிய பந்து அதே தூரத்தைக் கடக்க அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரம் முழுவதும் ஈர்ப்பு அதைப் பக்கவாட்டில் இழுக்கிறது. 2024 யு.எஸ். ஓப்பனின் கடைசிக் குழியில் ரோரி மெக்கில்ராய் தவறவிட்டது நாலடிக்கும் குறைவான தூரம். பந்து குழிக்குள் போகவில்லை, ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் கோப்பை பிரைசன் டிஷாம்போவிடம் போனது. பதற்றம் என்றார்கள் பலர். இருக்கலாம், ஆனால் அந்த நாலடியில் பந்து எவ்வளவு வளையும் என்பது கையின் பலத்தைப் பொறுத்து மாறுகிற இடத்தில் அவர் நின்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ராஸ் இந்த கிரீன்களுக்குப் புல் போட்டது 1930களின் நடுவில். அதற்கு முன்பு அங்கே புல்லே கிடையாது, கெட்டித்த மணல் பரப்புதான். அவர் அறிந்த புல் இன்றையதைவிட நீளமானது, மெதுவானது. அவர் வகுத்த சரிவுகள் அந்தப் புல்லுக்கானவை. சரிவு அப்படியே இருக்க, வேகம் இரட்டித்துவிட்டது. அதோடு, கிரீனைச் சமன்செய்ய ஆண்டுதோறும் மேலே மெல்லிய மணல் தூவுவது வழக்கம். பல பத்தாண்டுகளில் இது நடுப்பகுதியை இன்னும் உயர்த்திவிட்டது என்று சிலர் கருதுகிறார்கள், வடிவம் ராஸ் செய்ததே என்று மற்றவர்கள் வாதிடுகிறார்கள். எப்படியானாலும் இன்று ஆட்டக்காரர்கள் படும் பாட்டில் பெரும்பங்கு புல்வெட்டும் இயந்திரத்துக்கு உரியது என்றே நான் நினைக்கிறேன்.

அந்த இயந்திரம் விட்டுவைப்பது சுமார் மூன்று மில்லிமீட்டர். ஒரு செடியை நாள்தோறும் மூன்று மில்லிமீட்டருக்கு வெட்டினால் அது சாக வேண்டாமா?

பெரும்பாலான செடிகளில் வளரும் முனை உச்சியில் இருக்கிறது. கிள்ளினால் அந்தக் கிளையின் வளர்ச்சி அங்கேயே நிற்கும். புல்லில் வளரும் பகுதி அடியில், தரையோடு ஒட்டி இருக்கிறது. இலை கீழிருந்து மேலே தள்ளப்படுகிறது. நாம் வெட்டுவது ஏற்கெனவே வளர்ந்து முடிந்த பகுதியை மட்டுமே. மேய்ச்சல் விலங்குகளின் பற்களுக்கு ஈடுகொடுத்துப் புற்கள் பெற்ற உடலமைப்பு இது. இவற்றிலும் ஒரு புல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தரைமேல் ஓடுதண்டு, தரைக்கடியில் மட்டத்தண்டு என்று இரண்டு வழியிலும் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, மண்வெட்டியால் கொத்தி எறிந்தாலும் ஒரு துண்டிலிருந்து மீண்டும் கிளைக்கிறது. உழவர்களுக்கு அது தீராத களை. பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்.

அமெரிக்கர்கள் பெர்முடா புல் என்பது இந்த அருகம்புல் இனத்தைத்தான். பைன்ஹர்ஸ்டின் இரண்டாம் எண் திடலில் இன்று கிரீன்களை மூடியிருப்பது அதன் கலப்பின வாரிசு, சாம்பியன் என்ற மிகக்குட்டை ரகம். அருகம்புல்லையும் தென்னாப்பிரிக்காவில் வளரும் அதன் நெருங்கிய உறவுப் புல்லையும் கலந்தால் கிடைக்கும் வாரிசு மலடு, விதை வைக்காது. தண்டுத் துண்டுகளை நட்டே பெருக்க வேண்டும். அதனால் ஒரு கிரீனில் இருக்கும் எல்லாத் தாள்களும் மரபணுவில் ஒன்றே, பரப்பு ஒரே சீராக இருக்கும். இந்த வகைக் கலப்பினங்களைப் புகழ்பெறச் செய்தவர் ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் இருந்த கிளென் பர்ட்டன். 1956இல் வந்த டிஃப்கிரீன் அவருடையது. அதில் தானாகத் தோன்றிய குட்டை மாற்றம் டிஃப்டுவார்ஃப், அதிலிருந்து டெக்சாஸில் தேர்ந்தெடுத்தது சாம்பியன். இதே பர்ட்டன் உருவாக்கிய ஆண்மலட்டுக் கம்பு ரகம் ஒன்று இந்தியாவுக்கு வந்து, 1965இல் வெளியான முதல் ஒட்டுக் கம்புக்குத் தாயானது. நம் வறண்ட நிலங்களில் கம்பு விளைச்சல் உயர்ந்த கதைக்கும் இந்த கிரீனுக்கும் ஒரே மனிதர் காரணமாக இருப்பதைக் கோல்ஃப் எழுத்தாளர்கள் சொல்வதில்லை. சொல்லத் தகுந்த செய்தி.

2014வரை அந்த கிரீன்களில் இருந்தது பெண்ட் புல். குளிர்நாட்டுப் புல், மெல்லிய தாள், அழகான பரப்பு. ஆனால் யு.எஸ். ஓப்பன் நடப்பது ஜூனில், கரோலைனா வெயிலில். வெயிலில் பெண்ட் புல் திணறுவதற்கும் அருகம்புல் செழிப்பதற்கும் காரணம் இலைக்குள் நடக்கும் வேதியியல்.

காற்றிலிருந்து கார்பன் டையாக்சைடைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் பாதையின் வாசலில் ரூபிஸ்கோ என்ற நொதி இருக்கிறது. அதற்கு ஒரு குறை. சில வேளைகளில் கார்பன் டையாக்சைடுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்துவிடும். பிடித்தால், செடி ஏற்கெனவே சேர்த்த கார்பனில் ஒரு பகுதியை இழந்து அந்தத் தவறைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. இதை ஒளிச்சுவாசம் என்கிறார்கள். வெப்பம் ஏற ஏறத் தவறும் கூடுகிறது. நெல், கோதுமை, பெண்ட் புல் எல்லாம் இந்த இழப்பைச் சுமக்கின்றன. அருகம்புல், கரும்பு, சோளம், கம்பு, மக்காச்சோளம் ஆகியவை வேறு வழி கண்டன. இலையின் வெளிச்செல்களில் இன்னொரு நொதியைக் கொண்டு கார்பன் டையாக்சைடைப் பிடித்து, நான்கு கார்பன் கொண்ட அமிலமாக்கி, நரம்பைச் சுற்றியுள்ள செல்களுக்குள் அனுப்பி அங்கே விடுவிக்கின்றன. ரூபிஸ்கோ அந்த உள்ளறையில்தான் இருக்கிறது. சுற்றிலும் கார்பன் டையாக்சைடு செறிந்திருப்பதால் தவறு செய்ய வாய்ப்பே குறைவு. நான்கு கார்பன் அமிலம் வழியாகப் போவதால் இவற்றை சி-4 தாவரங்கள் என்பார்கள்.

இது எப்படித் தெரிந்தது? கதிரியக்கக் கார்பனைக் கொண்டு பாசியை ஆராய்ந்த மெல்வின் கால்வின், ஒளிச்சேர்க்கையில் முதலில் உருவாவது மூன்று கார்பன் சேர்மம் என்று காட்டி 1961இல் நோபல் பரிசு பெற்றார். எல்லாச் செடிக்கும் அதுதான் வழி என்று நம்பியிருந்த வேளையில், ஹவாயின் கரும்பு ஆய்வாளர்களுக்கு வேறு விடை வந்தது. கரும்பு இலையில் கதிரியக்கக் கார்பன் முதலில் தென்பட்டது நான்கு கார்பன் அமிலங்களில். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஒரு சர்க்கரை நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்த ஹால் ஹேட்சும் ரோஜர் ஸ்லாக்கும் அந்த விடையைத் தொடர்ந்து போனார்கள். ஒளியில் இருக்கும் இலைக்குக் கதிரியக்கக் கார்பன் டையாக்சைடைச் சில நொடிகள் கொடுத்து, கொதிக்கும் ஆல்கஹாலில் போட்டு அந்தக் கணத்திலேயே இலையின் இயக்கத்தை நிறுத்துவார்கள். இரண்டு நொடி, ஐந்து நொடி, பத்து நொடி என்று இப்படி நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் கார்பன் எந்தச் சேர்மத்திலிருந்து எதற்குப் போகிறது என்ற வரிசை தெரிந்துவிடும். 1966இல் அவர்கள் பாதையை வெளியிட்டார்கள்.

கார்பன் டையாக்சைடை இவ்வளவு திறமையாகப் பிடிப்பதால் சி-4 புல் தன் இலைத்துளைகளை அதிகம் திறந்து வைக்க வேண்டியதில்லை; அதே அளவு வளர்ச்சிக்குக் குறைந்த தண்ணீர் போதும். 2014 போட்டிகள் முடிந்த கோடையிலேயே பைன்ஹர்ஸ்ட் பெண்ட் புல்லை அகற்றிச் சாம்பியன் ரகத்தை நட்டது. இதற்கு விலையும் உண்டு. அருகம்புல் குளிரில் பழுப்பேறி உறங்கிவிடும். உறைபனி இரவுகளில் கிரீன்களைப் போர்த்தி வைக்க வேண்டும். நிழலில் அது தேறாது.

வெட்டினாலும் ஒரு நாளுக்குள் மீண்டும் வளரும் புல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்த, ஜிப்பரெலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் உருவாவதைத் தடுக்கும் மருந்தைத் திடல்களில் தெளிப்பது இன்று பரவலான வழக்கம். 1960களில் வந்த ஐ.ஆர்.8 நெல் குட்டையாக நின்றதற்கும் அதே ஹார்மோன் குறைவுதான் காரணம். அங்கே மரபணு செய்ததை இங்கே மருந்து செய்கிறது.

இனி மணல். பைன்ஹர்ஸ்ட் கடலிலிருந்து 150 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தும் ஆழமான மணல்மேல் இருக்கிறது. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் ஆறுகளும் கடலோரமும் சேர்த்த மணல், பின்னர் பனியுகக் காற்று அள்ளிக் குவித்த மணல். மழை பெய்து நின்ற சிறிது நேரத்திலேயே தரை காய்ந்துவிடும். உலர்ந்த கெட்டித் தரையில் விழும் பந்து துள்ளிப் போகும். ஈரத்தரையில் விழுந்தால் குழி விழுந்து, பந்து அங்கேயே பதிந்துவிடும். ஆகவே போட்டிக்கு மேல்பரப்பு காய்ந்திருக்க வேண்டும். புல் சாகாமலிருக்க வேருக்கு ஈரம் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே மண்ணில் எப்படிப் பெறுவது?

வீட்டில் பாத்திரம் தேய்க்கும் புதிய ஸ்பாஞ்சு ஒன்றை நீரில் முக்கி, படுக்கைவாட்டில் கையில் ஏந்துங்கள். சொட்டு நிற்கும்வரை பொறுங்கள். இனி சொட்டாது என்றானதும் அதை அப்படியே செங்குத்தாகத் திருப்புங்கள். பிழியாமலே தண்ணீர் மறுபடி வடியும். ஸ்பாஞ்சின் நுண்துளைகள் ஈர்த்துத் தாங்கக்கூடிய நீர்த்தம்பத்துக்கு ஓர் உயர வரம்பு இருக்கிறது. படுத்திருந்தபோது ஸ்பாஞ்சின் உயரம் அந்த வரம்புக்குள் இருந்தது. அதனால் முழுதும் நனைந்தே நின்றது. நிமிர்த்தியதும் உயரம் வரம்பைத் தாண்ட, மேல்பகுதி வடிந்தது. ஆனால் அடிப்பகுதி இன்னும் சொதசொதவென்று இருப்பதை விரலால் தொட்டு அறியலாம்.

மணலும் அப்படியே. நுண்துளைகளின் இந்தப் பிடிப்பை நுண்புழை ஈர்ப்பு என்கிறோம். 1960இல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் வெளியிட்ட கிரீன் அமைக்கும் முறை இதை நேரடியாகப் பயன்படுத்துகிறது: கீழே நான்கு அங்குலம் சரளைக்கல், அதன்மேல் சுமார் ஓரடி தேர்ந்தெடுத்த மணல். மணலிலிருந்து நீர் சரளைக்குள் தடையின்றி இறங்கிவிடும் என்றுதான் தோன்றும். இறங்காது. மணலின் சிறு துளைகள் நீரைப் பிடித்திருக்க, சரளையின் பெரிய இடைவெளிகளுக்கு அதை உறிஞ்சும் திறன் இல்லை. மணலின் அடி முழுதும் நிறைந்து, மேலே இருக்கும் நீரின் எடை மிகும்போது மட்டுமே சொட்டும். இப்படிச் சரளைக்கு மேல் தொங்கி நிற்கும் ஈர அடுக்கைத் தொங்கு நீர்மட்டம் எனலாம். வேர் அங்கிருந்து குடிக்கிறது, பந்து மேலே காய்ந்த மணலில் துள்ளுகிறது. பெருமழை வந்தால் உபரி நீர் சரளை வழியே ஓடிவிடுகிறது.

மாடித்தோட்டம் போடுகிறவர்கள் தொட்டியின் அடியில் ஓட்டுச் சில்லும் ஜல்லியும் நிரப்புவதுண்டு, நீர் நன்றாக வடியும் என்று நம்பி. மேலே சொன்ன விதிப்படி அங்கே நடப்பது நேர்மாறு. ஈர அடுக்கு சில்லுக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் நெருங்கிவிடுகிறது. துளையை அடைக்காமல் மூடுவதற்கு ஒரு சில்லு போதும். மீதி உயரத்தை மண்ணுக்கே விடுவது நல்லது.

போட்டி வாரத்தில் ஈரத்தை யாரும் கண்ணால் மதிப்பிடுவதில்லை. இரண்டு கம்பிகள் கொண்ட ஒரு மானியைக் கிரீனில் குத்தி, கம்பி வழியே மின்துடிப்பை அனுப்புகிறார்கள். தண்ணீரின் மின்பண்பு மணலினதிலிருந்து பெரிதும் வேறுபட்டது. ஈரம் கூடக்கூடத் துடிப்பு போய்த் திரும்பத் தாமதமாகும். அந்தத் தாமதமே ஈரத்தின் அளவு. எந்த இடம் குறைந்திருக்கிறதோ அங்கே மட்டும் ஆள் நின்று குழாயால் நீர் தெளிக்கிறார்.

தண்ணீர் விஷயத்தில் பைன்ஹர்ஸ்ட் செய்த பெரிய காரியம் 2010இல் தொடங்கியது. அதற்குள் இரண்டாம் எண் திடல் மற்ற அமெரிக்கத் திடல்களின் வழியிலேயே போயிருந்தது: ஓரத்துக்கு ஓரம் பச்சை, ஆட்டப் பாதையின் இருபுறமும் அடர்ந்த நீள்புல், எங்கும் தெளிப்பான்கள். வடிவமைப்பாளர்கள் பில் கூரும் பென் கிரென்ஷாவும் 1943இல் வானிலிருந்து எடுத்த படங்களை வைத்துப் பழைய எல்லைகளைத் தேடினார்கள். ராஸ் காலத்தில் ஆட்டப் பாதையின் நடுவே ஒற்றை வரிசையாகப் போட்ட நீர்க்குழாய் மண்ணுக்கடியில் அப்படியே கிடந்தது; பாதையின் உண்மையான மையக்கோடு எது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. சுமார் 35 ஏக்கர் புல்லை உரித்தெடுத்தார்கள். அங்கே மணலையும் பைன் சருகையும் விட்டு, அந்த மண்ணுக்கே உரிய கம்பிப்புல்லை ஆயிரக்கணக்கில் நட்டார்கள். 1,150 தெளிப்பான்கள் 450 ஆயின. ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கோடி லிட்டர் குடித்த திடல் 6 கோடிக்கும் குறைவாகக் குடிக்கத் தொடங்கியது.

2014இல் தொலைக்காட்சியில் பழுப்பு ஓரங்களைப் பார்த்த பலர் திடல் பட்டுப்போய்விட்டது என்று குறைகூறினார்கள். நான் அதை நேர்மாறாகவே பார்க்கிறேன். மணல்மேட்டின் இயல்பான நிறம் அது. பச்சையே கோல்ஃப் என்ற பழக்கம் தெளிப்பான்களோடு வந்தது. ஆட்டமும் செழுமையானது. முன்பு நீள்புல்லில் விழுந்தவர் எல்லோருக்கும் ஒரே தண்டனை. இப்போது கெட்டி மணலில் கிடக்கும் பந்தை அடிக்கலாம், கம்பிப்புல் தூரில் சிக்கினால் வெட்டியெடுக்க வேண்டும், அதைத் தெரிந்துகொள்ள அருகே போய்ப் பார்க்கத்தான் வேண்டும். அந்த ஆண்டு ஜெர்மனியின் மார்ட்டின் கைமர் எட்டு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். கிரீனுக்கு வெளியே பந்து உருண்டு நின்றபோதெல்லாம், மற்றவர்கள் அதைத் தூக்கி அடிக்க முயல, அவர் தரையோடு தட்டி மேலேற்றினார். காற்றில் போகும் பந்து எங்கே விழும், எப்படித் துள்ளும், எவ்வளவு சுழலும் என்று மூன்று விதமாகப் பிழைபட வாய்ப்பு உண்டு. உருளும் பந்தில் கணிக்க வேண்டியவை வேகமும் சரிவும் மட்டும். ஒட்ட வெட்டிய புல் டேலியின் பந்தைத் திருப்பி அனுப்பியது. கைமருக்கு அதே புல் வழிவிட்டது.

ஆண்கள் போட்டி முடிந்த மறுவாரமே அதே திடலில் பெண்கள் யு.எஸ். ஓப்பனும் நடந்தது, மிஷெல் வீ வென்றார். ஒரே கிரீனை அடுத்தடுத்த இரண்டு வாரம் உலர்த்தி, வெட்டி, உருட்டி, உயிரோடும் வைத்திருக்க முடியுமா என்று அப்போது பலருக்கும் சந்தேகம் இருந்தது. அப்போதிருந்தது வெயில் தாங்காத பெண்ட் புல். 2029 ஜூனில் இரண்டு போட்டிகளும் மறுபடி அடுத்தடுத்து அங்கே நடக்கவிருக்கின்றன, இந்த முறை அருகம்புல்லின்மேல்.